சோயா மீட் பொதியும் நமது கேள்வியும்

(தோட்டக் கமிட்டிகளின் மாதர் அணிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில், உடுப்புத் துவைப்பையும் விறகு வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாக லயங்களில் ஒரு கதை சுற்றுகிறது. சோயா மீட் மரபணு மாற்றிய சாமானாம், அதைச் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு நோய் வருமாம், பிள்ளைப்பேறு இல்லாமல் போகுமாம் என்று கைத்தொலைபேசிக்கு வந்த செய்தியை ஆளுக்காள் அனுப்புகிறோம். திரிபோஷாவையும் அதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். பயந்து நிறுத்தியவர்கள் ஒரு பக்கம். "விலை குறைவு, வயிறு நிறையுது, மத்ததெல்லாம் நமக்கு எதுக்கு" என்பவர்கள் மறுபக்கம். இரண்டு பக்கத்தாரையும் நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டினாலும் நமக்குத்தான் நட்டம். அது எப்படி என்று பார்ப்போம்.

சங்கத்துக்கும் சோயா மீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பளம் கேட்பது சங்கத்தின் வேலை. அந்தச் சம்பளம் கடையில் என்ன சாமானாக மாறி நம் பிள்ளையின் தட்டுக்கு வருகிறது என்று கேட்பதும் சங்கத்தின் வேலைதான்.

முதலில், மரபணு மாற்றம் என்றால் என்ன? நமது மலையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு வளர்த்த பழைய தேயிலை உங்களுக்குத் தெரியும். ஒரு செடி மாதிரி இன்னொன்று இருக்காது. பிறகு வந்தது வி.பி. தேயிலை. நன்றாகக் கொழுந்து தரும் தாய்ச்செடியைத் தெரிந்து, ஓர் இலையோடு தண்டை வெட்டி, நர்சரியில் நட்டு வளர்த்தது. தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் எல்லாம் இப்படித் தெரிந்தெடுத்தவைதான். தாய் எப்படியோ பிள்ளையும் அப்படி. இதில் வேறு உயிரின் மரபணு எதையும் நுழைக்கவில்லை.

அடுத்தது கலப்பினம். இரண்டு நல்ல இனங்களைச் சேர்த்து மூன்றாவது ஒன்றை எடுப்பது. தோட்டத்தில் சிலர் வைத்திருக்கும் 'ரெட் லேடி' பப்பாசி அப்படிப்பட்டது. கடையில் பெரிதாகத் தெரியும் தக்காளி, விதையில்லாத திராட்சை, விதையில்லாத வத்தகப்பழம் எல்லாவற்றையும் மரபணு மாற்றம் என்று சொல்கிறார்கள். அவை அப்படியல்ல. சீக்கிரம் வளரும் புரொய்லர் கோழியும் பல தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனவிருத்தி செய்த கோழிதான்.

மரபணு மாற்றம் என்பது வேறு வேலை. மண்ணில் வாழும் ஒரு பக்டீரியா இருக்கிறது. அதன் ஒரு குணம், சில புழுக்களைக் கொல்லும் பொருளை உண்டாக்குவது. அந்தக் குணத்துக்குரிய மரபணுவை ஆய்வுகூடத்தில் எடுத்துச் சோளத்திலோ பருத்தியிலோ கத்தரியிலோ நுழைக்கிறார்கள். அந்தச் செடியைக் கடிக்கும் புழு சாகிறது. இது ஒரு வகை. களைக்கொல்லி அடித்தாலும் பயிர் சாகாமல் களை மட்டும் சாகும்படி மாற்றுவது இன்னொரு வகை. உலகத்தில் பயிராகும் சோயாவில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. 1996 இல் பெரிய அளவில் தொடங்கிய இந்தப் பயிர்ச்செய்கை, 2019 ஆகும்போது 29 நாடுகளில் சுமார் 19 கோடி ஹெக்டயருக்குப் பரவியிருந்தது.

இப்போது நமது கடன் கொப்பியைத் திறந்து பார்ப்போம். மாதம் மாதம் அதில் என்ன எழுதுகிறோம்? அரிசி: நமது சந்தையில் மரபணு மாற்றிய அரிசி இல்லை. கோதுமை மா: ஆர்ஜென்டீனாவில் வறட்சி தாங்கும் ஒரு கோதுமை வந்திருக்கிறது, அதைத் தவிர உலகச் சந்தையில் ஓடும் கோதுமை பழைய கோதுமைதான். மைசூர்ப் பருப்பு: கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வந்தாலும் அதில் மரபணு மாற்றிய இனம் சந்தையில் இல்லை. தேங்காய், தேங்காயெண்ணெய், பாம் எண்ணெய்: இல்லை. கரட், லீக்ஸ், போஞ்சி, உருளைக்கிழங்கு என்று நாம் பயிரிடுவது எதுவும் இல்லை. இலங்கையில் எந்த மரபணு மாற்றுப் பயிரும் வர்த்தக ரீதியாகப் பயிரிடப்படுவதில்லை.

மிஞ்சுவது எது? வெளிநாட்டுச் சோயாவில் செய்த சாமான், சோயா எண்ணெய், பிஸ்கட்டிலும் சொக்கலேட்டிலும் சேர்க்கும் சோயா லெசித்தின், வெளிநாட்டுச் சோளத்தில் செய்த சில பொருட்கள், கோழித் தீனி. இவ்வளவுதான். இவற்றிலும் எல்லாமே மாற்றியது என்று சொல்ல முடியாது. சில சோயா மீட் பொதிகளில் மரபணு மாற்றாத சோயா என்றே எழுதியிருப்பதைக் காணலாம். ஆகவே கேள்வி கொப்பி முழுவதையும் பற்றியதல்ல. ஒன்றிரண்டு வரியைப் பற்றியது.

அடுத்த கேள்வி, அது நஞ்சா? இதற்கு ஒளிவு மறைவில்லாமல் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016 இல் பல நூறு ஆய்வுகளைப் பார்த்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சந்தையில் உள்ள மரபணு மாற்றுப் பயிர்களைச் சாப்பிடுவதால், சாதாரணப் பயிரைச் சாப்பிடுவதைவிட அதிகமான சுகாதார ஆபத்து உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அந்த அறிக்கை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்: சந்தைக்கு வந்திருப்பவை பாதுகாப்புப் பரிசோதனையைத் தாண்டி வந்தவை, புதிதாக வருவதை ஒவ்வொன்றாகப் பரிசோதிக்க வேண்டும். பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது.

நான் ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? 2016 ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டைப் பாருங்கள். நாடு முழுவதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் சுமார் 17 வீதம். தோட்டப் பகுதியில் மட்டும் சுமார் 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. காலைக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும்போது ஆசிரியர்களாகிய எங்கள் கண்ணுக்கு இது தினமும் தெரிகிறது. ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிட்டு வரும் பிள்ளைக்கு வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் எங்கிருந்து கிடைக்கும்? இறைச்சியும் மீனும் முட்டையும் வாங்க முடியாத வீட்டில் பருப்பும் சோயாவும் கௌபியும் பாசிப்பயறும்தான் புரதம். கைத்தொலைபேசிக் கதைக்குப் பயந்து அதையும் எடுத்துவிட்டால் அந்தத் தட்டில் என்ன மிச்சம்? இல்லாத நோய்க்குப் பயந்து, இருக்கும் நோயை வளர்க்கிறோம்.

திரிபோஷா விஷயத்திலும் அப்படித்தான். சோளத்தாலும் சோயாவாலும் செய்த சத்து மா அது. 2022 இல் அதைப் பற்றி நாட்டில் பெரிய விவாதம் நடந்தது நினைவிருக்கும். அந்த விவாதம் அஃப்லடொக்சின் பற்றியது. சோளமோ நிலக்கடலையோ ஈரத்தோடு கிடந்தால் ஒருவகைப் பூஞ்சணம் பிடிக்கும். அது உண்டாக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். இது நிரூபிக்கப்பட்ட ஆபத்து. மரபணு மாற்றிய சோளமானாலும் மாற்றாத சோளமானாலும் வரும். நமது லயக் காம்பராவில் அடுப்புப் புகையும் ஈரமும் சேர்ந்த மூலையில் மாவை வைத்தாலும் பூஞ்சணம் பிடிக்கும். பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவோம். பூஞ்சணம் பிடித்ததை, கட்டி தட்டியதை, மணம் மாறியதைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

அப்படியானால் "விலை குறைவாக இருந்தால் போதும்" என்பவர்கள் சொல்வது சரியா? அதுவும் சரியில்லை. இதற்கு வெளிநாட்டுக் கதை ஒன்று சொல்ல வேண்டும்.

1996 இல் பிரித்தானியாவில் சேன்ஸ்பரி, சேஃப்வே என்ற இரண்டு பெரிய கடைகளில், மரபணு மாற்றிய தக்காளியில் செய்த தக்காளிக் கூழ் டின்னில் விற்பனைக்கு வந்தது. டின்னிலேயே அதைப் பெரிதாக எழுதியிருந்தார்கள். மற்ற டின்னைவிட விலையும் மலிவு. சனங்கள் என்ன செய்தார்கள்? வாங்கினார்கள். நன்றாகவே விற்றது. அதே ஆண்டின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து மரபணு மாற்றிய சோயா கப்பலில் வந்தது. அது மற்றச் சோயாவோடு கலந்து வந்தது. நூற்றுக்கணக்கான சாமான்களில் சோயா சேருகிறது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான், பைத்திய மாட்டு நோயால் மனிதருக்கு ஆபத்தில்லை என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த அரசாங்கம், ஆபத்து இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. சனங்களுக்கு நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. 1998 இல் ஒரு விஞ்ஞானி, மரபணு மாற்றிய உருளைக்கிழங்கு கொடுத்த எலிகளுக்குக் கெடுதி வந்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார். அவருடைய ஆய்வில் குறை உண்டு என்று பிறகு ரோயல் சொசைட்டி சொன்னாலும், கோபம் அடங்கவில்லை. 1999 இல் அந்தத் தக்காளி டின்னும் கடையிலிருந்து எடுக்கப்பட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. சொல்லி விற்றபோது சனங்கள் வாங்கினார்கள். சொல்லாமல் கலந்தபோது கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு தங்களைக் கேட்காமல் தங்கள் தட்டில் கைவைத்ததற்கான கோபம். அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் 2016 இல் பொதியில் அறிவிப்பது கட்டாயமானது. எழுதினால் சனங்கள் பயந்து ஓடுவார்கள் என்றன கம்பனிகள். 2018 இல் வெளியான ஆய்வு அங்கே எதிர்ப்பு குறைந்ததாகக் காட்டியது. மறைக்கவில்லை என்று தெரிந்தால் பயம் குறைகிறது. அமெரிக்கா முழுவதிலும் 2022 ஜனவரி முதல் அறிவிப்பது கட்டாயம்.

இன்னொரு விஷயம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்கள் நாட்டிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் பழக்கடைகள் போட்டுப் பார்த்தார்கள். பழங்களை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் இயற்கை விவசாயம், ஒன்றில் சாதாரணம், ஒன்றில் மருந்தடிக்காத மரபணு மாற்றுப் பழம் என்று எழுதி வைத்தார்கள். மூன்றும் உண்மையில் ஒரே பழம்தான். வாங்கியவர்களிடம் பிறகு அதைச் சொன்னார்கள். மரபணு மாற்றியது என்று எழுதியதன் விலையைக் குறைத்தபோது அதை வாங்கியவர்கள் தொகை கூடியது. கருத்துக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லும் நாடுகளிலேயே இப்படி. விலை மனதை மாற்றும்.

பணமுள்ளவனுக்கே அப்படியென்றால் நமக்கு? கடன் கொப்பியில் சாமான் வாங்கும் ஒரு தாய், கடைக்காரர் எடுத்துத் தருவதைத்தான் கொண்டுவருகிறாள். நாளைக்கு யாராவது கணக்கெடுத்து, "தோட்ட மக்கள் எதிர்ப்பில்லாமல் வாங்குகிறார்கள், அவர்களுக்கு இது பிரச்சினையில்லை" என்று எழுதினால் அது உண்மையாகுமா? வேறொன்றை வாங்கக் காசில்லாதவனுடைய வாங்கலைச் சம்மதம் என்று எழுதக் கூடாது. சம்பளம் உயர்ந்தால்தான் "வேண்டாம்" என்ற சொல்லுக்குப் பெறுமதி வரும். சம்பளப் போராட்டத்தையும் உணவையும் பிரிக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பட்டினி கிடப்பவனுக்கும் கேட்கும் உரிமை உண்டு. 2002 இல் ஆபிரிக்காவில் சாம்பியா நாடு வறட்சியில் தவித்தது. அமெரிக்கா உதவியாக அனுப்பிய மரபணு மாற்றிய சோளத்தை அந்த அரசாங்கம் வேண்டாம் என்றது. பசித்த சனத்துக்கு முன்னால் அது சரியா என்று உலகம் முழுக்க விவாதம் நடந்தது. அந்த முடிவு சரியென்று நான் வாதாட மாட்டேன். பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு முதலில் வேண்டும். ஆனால் அந்த விவாதத்தில் பசித்தவர்களிடம் கேட்டது யார்? இந்தியாவில் 2009 இல் மரபணு மாற்றிய கத்தரிக்காய்க்கு நிபுணர் குழு அனுமதி கொடுத்தது. அப்போதைய சுற்றாடல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கூட்டம் வைத்து விவசாயிகளிடமும் பாவனையாளரிடமும் விஞ்ஞானிகளிடமும் கேட்டார். கேட்ட பிறகு, 2010 பெப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார். பங்களாதேஷ் வேறு வழியில் போனது. 2013 இல் அனுமதித்து, 2014 இல் 20 விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. புழுவுக்கு மருந்தடிப்பது அங்கே குறைந்தது. ஒரே கத்தரிக்காய்க்கு இரண்டு நாடுகள் இரண்டு முடிவு. முடிவு எதுவானாலும் சாப்பிடுபவனையும் பயிரிடுபவனையும் கேட்க வேண்டும் என்பதுதான் நமது நிலைப்பாடு.

நமது நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? 2001 இல் இலங்கை மரபணு மாற்றிய உணவுகளின் இறக்குமதியைத் தடை செய்யப் புறப்பட்டது. உலக வர்த்தக நிறுவனத்தின் ஊடாகவும் ஏற்றுமதி நாடுகளிடமிருந்தும் வந்த அழுத்தத்தில் அந்தத் தடை ஒத்திப்போடப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. அதன்பின், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் 2006 இல் ஒழுங்குவிதிகள் வந்து, 2007 இல் நடைமுறைக்கு வந்தன. பிரதம உணவு அதிகாரியின் அனுமதியில்லாமல் இப்படிப்பட்ட உணவை இறக்குமதி செய்யவோ விற்கவோ முடியாது. 0.5 வீதத்துக்கு மேல் சேர்ந்திருந்தால் பொதியில் எழுத வேண்டும். ஆகவே கேட்பதற்குச் சட்டம் நமக்கு இடம் தந்திருக்கிறது.

ஆனால் எழுதியிருப்பது யார் கண்ணுக்குத் தெரிய? எங்கள் வகுப்புப் பிள்ளைகளை வீட்டிலிருந்து வெற்றுப் பொதிகளைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துப் பார்த்தோம். சில பொதிகளில் தமிழ் கடுகளவு எழுத்தில் இருந்தது. சிலவற்றில் பிழையாக இருந்தது. சிலவற்றில் சேர்மானங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சாப்பிடும் பொருளில் என்ன இருக்கிறது என்று சொந்த மொழியில் வாசிக்க முடியாவிட்டால் அந்த உரிமை கடுதாசியில்தான் இருக்கிறது.

கடைசியாக, நாம் வாங்குபவர்கள் மட்டுமல்ல, விளைவிப்பவர்களும்தான். மரபணு மாற்றுச் சோயாவோடு சேர்த்து உலகம் பேசும் களைக்கொல்லி கிளைபோசேட். இதை நமது ஆட்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு மலையில் மருந்தடிப்பவர்கள் நாமே. 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, கிளைபோசேட் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. வேறு சில நாடுகளின் அதிகாரசபைகள் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு இலங்கை அதைத் தடை செய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தது. இடைப்பட்ட காலத்தில் மலையெல்லாம் புல் ஏறி, அட்டைக்கும் பாம்புக்கும் நடுவில் கொழுந்து பறித்தோம். மாற்று மருந்துகளை அடித்ததால் தேயிலையில் எம்.சி.பி.ஏ. என்ற களைக்கொல்லியின் எச்சம் இருப்பதாக யப்பானிலிருந்து பிரச்சினை வந்தது. உடனே கொழும்பு முழுவதும் பரபரத்தது.

யப்பானில் தேநீர் குடிப்பவர் ஒரு கேள்வி கேட்டால் நமது தோட்டம் வரை ஆட்டம் காண்கிறது. அந்தத் தேயிலைக்கு மருந்தடித்தவரின் உடம்பில் எவ்வளவு இறங்கியது என்று யாராவது கேட்டார்களா? குடிப்பவரின் கோப்பைக்கு அளவு இருக்கிறது. அடிப்பவரின் தோலுக்கும் மூச்சுக்கும் அளவு வேண்டும். மரபணு மாற்றுப் பயிர் என்றாலும் சாதாரணப் பயிர் என்றாலும் நமது முதல் கேள்வி இதுதான்: இதனால் மருந்தடிப்பது கூடுமா, குறையுமா, அடிப்பது யார்?

இனி நாம் செய்ய வேண்டியவை. வெறும் பேச்சோடு போகக் கூடாது.

ஒன்று, கைத்தொலைபேசிச் செய்தியை நம்பிப் பிள்ளையின் தட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் குடும்ப நல உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேளுங்கள். சோயா வேண்டாம் என்று ஒரு தாய் முடிவெடுத்தால் அது அவர் உரிமை. அதற்குப் பதிலாகக் கௌபி, பாசிப்பயறு, நெத்தலி, முட்டை என்று ஏதாவது ஒன்று தட்டுக்கு வர வேண்டும்.

இரண்டு, பொதியை வாசியுங்கள். வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். தமிழ் இல்லாத, தமிழ் பிழையான, திகதி அழிந்த பொதிகளைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைத்து முறைப்பாடு செய்யலாம். தனியாகச் செய்யத் தயங்கினால் கமிட்டி சேர்ந்து எழுதும்.

மூன்று, நமது கூட்டுறவுக் கடைகளில் என்ன சாமான் வைப்பது என்பதைப் பொதுக்கூட்டத்தில் நாமே பேசித் தீர்மானிப்போம். நூறு வீடுகள் சேர்ந்து கேட்டால் உள்ளூர்ப் பயறு மொத்த விலையில் வரும்.

நான்கு, மருந்தடிப்பவர்களுக்குக் கையுறை, முகமூடி, பூட்ஸ், குளிக்கத் தண்ணீர், தமிழில் எழுதிய மருந்து டின் ஆகியவற்றை அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று இந்தக் கூட்டம் தீர்மானிக்கட்டும். அடுத்த மாதம் கமிட்டித் தலைவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மற்றவர் நமக்குப் பதிலாக "அவர்கள் எதையும் சாப்பிடுவார்கள்" என்று முடிவெடுப்பதை நாம் ஏற்க முடியாது. விளங்கிக்கொண்டு வாங்குவோம். விளங்கிக்கொண்டு மறுப்போம். இரண்டுக்கும் வேண்டிய கூலியைக் கேட்டு வாங்குவோம்.